பட்டி என்னும் சொல்: பொருளும் பிறப்பும்

(புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில் ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆலய மண்டபத்தில் சொற்பொழிவு என்றால் புராணக் கதையொன்றோ, நாயன்மார் வரலாறொன்றோ வரும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இன்றைய பொருள் அத்தகையதன்று. ஆட்டையும் மாட்டையும் இரவில் அடைத்து வைக்கும் இடத்துக்குரிய ஒரு சிறு சொல்லே இன்றைய பொருள். அச்சொல் ‘பட்டி’ என்பது. சாணமும் கோமியமும் மணக்கும் இடத்தைப் பற்றிச் சந்நிதியில் பேசலாமா என்று ஐயுறுவோர் இருக்கக்கூடும். கருவறை விளக்கு அணையாமல் எரிந்ததற்கும் பட்டிக்கும் உள்ள உறவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அது பின்னர் வரும்.

முதலில் சொல்லின் பொருளைக் காண்போம். பசுக்கொட்டில், ஆட்டுக்கிடை, பிடிபட்ட மாடுகளை அடைக்கும் காவலிடம், சிற்றூர் என்பன ‘பட்டி’ என்ற சொல்லுக்கு அகராதிகள் தரும் பொருள்களுள் முதன்மையானவை. முதல் மூன்றும் ஓரினம். நான்காவது மட்டும் வேறுபட்டதுபோல் தோன்றும். மாடு அடையும் இடம் எங்ஙனம் மனிதர் வாழும் ஊராயிற்று? இக்கேள்விக்கு விடை தமிழகத்தின் ஊர்ப்பெயர்களிலேயே உள்ளது. ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, கோவில்பட்டி என்று மதுரை, தேனி, தூத்துக்குடி மாவட்டங்களில் மட்டும் எத்தனை பட்டிகள்! சேலம் மாவட்டத்தில் ஆட்டையாம்பட்டி உண்டு. இவையெல்லாம் பெரும்பாலும் ஆற்றுப் பாசனம் குறைந்த, மேய்ச்சல் நிலம் மிகுந்த பகுதிகள். காவிரிப் படுகையின் நெல்வயல்களுக்கு இடையே ‘நல்லூர்’, ‘மங்கலம்’ என்று முடியும் பெயர்கள் மிகுதி. வறண்ட மேட்டு நிலத்திலோ ‘பட்டி’ மிகுதி. மந்தையை ஓட்டிச் சென்றவர் தண்ணீர் கண்ட இடத்தில் முள்வேலி கட்டினர், வேலிக்கருகே குடிசை போட்டனர், குடிசைகள் பெருகின. மாட்டுக்கு இட்ட பெயரை மனிதர் தமக்கும் வைத்துக்கொண்டனர். அதில் அவர்கள் இழிவு ஏதும் காணவில்லை.

ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் ஈடுபட விரும்பும் மாணவர்கள், ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 1946 இல் வெளியிட்ட ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்னும் நூலைத் தேடிப் படித்தல் நலம். மலையும் காடும் வயலும் கடலும் ஊர்ப்பெயர்களில் எவ்வாறு பதிந்து கிடக்கின்றன என்பதை இன்சுவைத் தமிழில் சொல்லும் நூல் அது.

இந்த மாற்றம் தமிழில் மட்டும் நிகழ்ந்ததன்று. கன்னடத்துக்குச் செல்வோம். பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் பிற்காலக் கன்னடத்தில் ஹகரமாக மாறியது. தமிழின் ‘பால்’ அங்கே ‘ஹாலு’. ‘பல்’ அங்கே ‘ஹல்லு’. ‘பள்ளி’ அங்கே ‘ஹள்ளி’. அதே வழியில் ‘பட்டி’ ‘ஹட்டி’யாயிற்று. ஹட்டி என்றால் கன்னடத்தில் தொழுவம். சிற்றூர் என்பதும் பொருள். ஆயர் குலத்தாராகிய கொல்லர் வாழும் குடியிருப்பைக் கருநாடகத்தில் ‘கொல்லரஹட்டி’ என்பர். நீலகிரியில் வாழும் படகர் தம் ஊரையே ‘ஹட்டி’ என்று வழங்குகின்றனர். கோயம்புத்தூருக்கு மேலே மலையில் ஹட்டி. கீழே சமவெளியில் பட்டி. மலைக்கு மேலும் கீழும் ஒரே சொல் இரண்டு உருவில் வாழ்கிறது. பரோ, எமனோ என்னும் இரு அறிஞர்கள் தொகுத்து 1961 இல் வெளிவந்த திராவிட வேர்ச்சொல் அகராதி இவ்வினச் சொற்களை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டுகிறது.

இனி, பிறப்பு. ‘பட்டி’ எந்த வேரிலிருந்து வந்தது? ‘படு’ என்னும் வினையடியிலிருந்து வந்தது என்பது தமிழ்ச் சொல்லாராய்ச்சியில் எடுத்துரைக்கப்படும் ஒரு கருத்து. படுத்தல், கிடத்தல், கால்நடை படுத்துக் கிடக்கும் இடம் பட்டி. இதனை முடிந்த முடிபு என்று கூறுதல் அவசரமாகும். ஆயினும், இதற்கு ஒரு நல்ல துணைச் சான்று உண்டு. ‘கிட’ என்ற வினையிலிருந்து ‘கிடை’ என்ற சொல் வந்திருப்பது வெளிப்படை. அறுவடை முடிந்த வயலில் ஆடுகளை இரவு முழுவதும் கிடத்தி, அவற்றின் புழுக்கையையும் மூத்திரத்தையும் நிலத்துக்கு எருவாக்குவதைக் ‘கிடை போடுதல்’ என்பர். இராமநாதபுரத்துக் கீதாரிகள் கோடைக் காலத்தில் மந்தையோடு தஞ்சைப் பகுதிவரை நடந்து சென்று வயல்களில் கிடை போடுவது நெடுநாளைய வழக்கம். நிலவுடைமையாளர் அதற்குக் கூலி கொடுப்பார். ‘கிட’ என்பதிலிருந்து ‘கிடை’ வருமாயின், ‘படு’ என்பதிலிருந்து ‘பட்டி’ வருதலும் இயலாததன்று. இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுதல் நேர்மை.

நிறுத்திக்கொள்ளாதவர்களால் விளையும் குழப்பமும் உண்டு. ஒலி ஒத்திருந்தால் உறவு என்று எண்ணிவிடுகின்றனர். கெடா மாநிலத் தோட்டங்களில் மலையாள மக்களும் தமிழரோடு ஒரே லயத்தில் வாழ்ந்தனர். அவர்கள் மொழியில் ‘பட்டி’ என்றால் நாய். ஆகவே, ‘பட்டி’ என்றதும் சிரிப்பவர் இன்றும் இப்பகுதியில் உளர். சம்பளப் பட்டி, விலைப்பட்டி, பட்டியல் என்பவை வேறு. அவை வரிசைப்படுத்தி எழுதிய குறிப்பைக் குறிப்பன. பட்டிமன்றம் என்பதும் வேறு. தமிழ்ப்பள்ளி விழாவானாலும் ஆலய விழாவானாலும் மலேசியத் தமிழர்க்குப் பட்டிமன்றம் இல்லாமல் நிறைவு ஏற்படுவதில்லை. அதன் முன்னோடியாகிய ‘பட்டிமண்டபம்’ சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் இடம்பெற்றுள்ளது. அணிக்கு மூவரை எதிரெதிரே அடைத்து வைத்து முட்டவிடுவதால் பட்டிமன்றம் என்று பெயர் வந்ததாக மேடையில் நகைச்சுவையாகக் கூறுவர். நகைச்சுவையாக மட்டும் அதனைக் கொள்க.

விடுவிக்கக் கடினமான முடிச்சு ஒன்றும் உண்டு. அடைத்து வைக்கும் இடத்துக்குப் பட்டி என்று பெயர். அடைப்புக்கு அடங்காமல் கண்ட வயலில் வாய்வைக்கும் மாட்டுக்கும் ‘பட்டிமாடு’ என்றே பெயர்! கலித்தொகையின் 51 ஆம் பாட்டில், குறும்பு செய்து திரிந்த சிறுவனைத் தலைவி ‘சிறுபட்டி’ என்று குறிப்பிடுகிறாள். கட்டுக்கு அடங்காதவன் என்பது அங்கே பொருள். எதிரெதிரான இரு பொருள்கள் ஒரே ஒலியில் எப்படி அமைந்தன? திரிகின்ற மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைப்பதனால் அந்த மாட்டுக்கே அப்பெயர் ஆகிவந்தது என்று விளக்குவோர் உளர். இரண்டும் வேறு வேறு சொற்கள் என்பாரும் உளர். வீட்டில் அடங்காத பிள்ளையைப் பார்த்துப் பாட்டிமார் ‘பட்டிமாடு மாதிரி சுற்றுகிறான்’ என்று திட்டும்போது இந்த ஆராய்ச்சி எதுவும் அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை.

இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சியில் 1871 ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டம் வந்தது. பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைத்து, உரியவரிடம் அபராதம் வாங்கிக்கொண்டு விடுவிக்கும் முறை அதில் வகுக்கப்பட்டது. அந்த அடைப்பிடத்தை ஊர்மக்கள் ‘பவுண்டு’ என்றனர். பட்டி என்ற சொல் கையிலிருக்கப் பவுண்டு எதற்கு என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அரசாங்கச் சொல்லுக்கு எப்பொழுதும் அப்படியொரு வலிமை உண்டு.

பட்டியின் உடன்பிறப்பாகிய ‘தொழு’ என்ற சொல்லையும் குறிப்பிடல் வேண்டும். தொழுவம், தொழு என்பவை மாட்டுக் கொட்டிலைக் குறிப்பன. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுதழுவல் நிகழும் களம் ‘தொழு’ என்றே சுட்டப்படுகிறது. காளையை அடக்கப் புகும் இளைஞர் தொழுவினுள் பாய்கின்றனர். இன்றைய சல்லிக்கட்டில் காளை வெளிவரும் வழி ‘வாடிவாசல்’. ‘வாடி’ என்பதும் அடைப்புக்குரிய ஒரு சொல்லே. சி. சு. செல்லப்பா 1959 இல் எழுதி வெளியிட்ட புகழ்பெற்ற குறுநாவலுக்கு அதுவே பெயர். கொட்டில், கொட்டகை என்பனவும் உள. கொட்டகை பேச்சு வழக்கில் ‘கொட்டாய்’ ஆகி, மாட்டுக் கொட்டாயிலிருந்து சினிமாக் கொட்டாய் வரை வளர்ந்துவிட்டது. ‘பட்டிதொட்டி எங்கும்’ என்று மேடைப் பேச்சாளர் முழங்குகின்றனரே, அந்தத் ‘தொட்டி’ தண்ணீர்த் தொட்டி அன்று. கன்னடத்தில் ‘தொட்டி’ என்ற சொல்லுக்கு மாட்டை அடைக்கும் இடம் என்பது பொருள். கனகபுரா வட்டாரத்தில் அவ்வாறு முடியும் ஊர்ப்பெயர்கள் பல. அதனோடு இணைத்துப் பார்த்தால் பட்டியும் தொட்டியும் ஒரே இனம் என்பது புலனாகும். இரண்டு அடைப்புகளின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் நாடு முழுவதும் என்று பொருள்!

அடைப்புகள் எவ்வளவு பழமையானவை? ஐதராபாத்துக்குத் தெற்கே, முன்னாள் மகபூப்நகர் மாவட்டத்தில் உட்னூர் என்னும் இடத்தில் பெரியதொரு சாம்பல் மேடு இருந்தது. அது எரிமலைச் சாம்பல் என்றும், அரக்கர் எரிந்த சாம்பல் என்றும் பலவாறு பேசினர். ரேமண்ட் ஆல்சின் என்னும் ஆங்கிலேயத் தொல்லியலாளர் 1957 இல் அங்கே அகழ்ந்தார். மரத்தூண்களை வரிசையாக நட்டு வேலி அமைத்திருந்த குழிகள் தென்பட்டன. அடுக்கடுக்காக எரிந்த சாணத்தின் சாம்பல் கிடந்தது. ஓர் அடுக்கில் மாடுகளின் குளம்படிகள் பதிந்தவாறே இருந்தன. நான்காயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு மாட்டுப்பட்டி! அங்கே சேர்ந்த சாணத்தைக் குறிப்பிட்ட காலங்களில் எரித்திருக்கின்றனர். இன்றும் கருநாடகத்தில் சங்கராந்தி நாளில் மாடுகளைத் தீ தாண்டச் செய்யும் வழக்கம் உண்டு. அத்தகைய விழாக்களோடு இந்த எரிப்பைத் தொடர்புபடுத்தி ஆல்சின் எண்ணினார். 1963 இல் வெளிவந்த அவருடைய நூல், தென்னிந்தியப் புதிய கற்கால மாடு வளர்ப்போரைப் பற்றியது. சாணத்தின் மீது மாடு வைத்த கால், கல்லெழுத்தினும் நெடுங்காலம் நின்றிருக்கிறது.

பட்டியில் நின்றது வெறும் விலங்கன்று, செல்வம். ‘மாடு’ என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் உண்டு. 400 ஆம் குறளில் திருவள்ளுவர் அப்பொருளிலேயே அதனை ஆள்கிறார். இலத்தீன் மொழியில் ‘பெக்குஸ்’ என்றால் கால்நடை. ‘பெக்கூனியா’ என்றால் பணம். ஆங்கிலத்தின் ‘கேட்டல்’, ‘கேப்பிட்டல்’ என்னும் இரு சொற்களும் ஒரே மூலத்தின் கிளைகளே. செல்வம் இருந்த இடத்தில் களவும் போரும் வருதல் இயற்கை. தொல்காப்பியம் கூறும் வெட்சித் திணை பகைவரின் ஆநிரையைக் கவர்ந்துவருதலைப் பற்றியது. அதில் ‘ஆகோள்’ என்று ஒரு துறை உண்டு. இது புலவர் கற்பனை என்று ஒதுக்கியவர்களும் இருந்தனர். 2006 ஆம் ஆண்டு தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்று கிடைத்தது. ஆகோளில் இறந்த வீரன் ஒருவனுக்காக நடப்பட்ட கல் அது. ‘ஆகோள்’ என்ற அதே சொல் அக்கல்லில் இருக்கிறது. இலக்கணத்தில் இருந்தது கல்லிலும் இருந்தது. கல் கிடைத்த வட்டத்தின் பெயரிலும் ஒரு பட்டி இருப்பது கவனிக்கத்தக்கது.

இனி ஆலயத்துக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் அக்கோயில் விளக்குகளுக்கான ஏற்பாட்டை மிக நுணுக்கமாகச் சொல்கின்றன. ஒரு விளக்கு அணையாமல் எரிய நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு ஈடாக 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை கொடுக்கப்படும். அரசன் அவற்றைக் கோயிலில் கட்டி வைக்கவில்லை. பேர் சொல்லி இடையரிடம் ஒப்படைத்தான். அவர்கள் தம் பட்டிகளில் வளர்த்து, ‘ஆடவல்லான்’ என்னும் அளவால் நெய் அளந்து கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். இத்தகைய ஆடுகளுக்கு வேறு பல கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகாத ஆடு, மூப்படையாத ஆடு உலகில் உண்டோ என்று வியக்க வேண்டா. ஓர் ஆடு செத்தால் ஈன்ற குட்டியைக் கொண்டு கணக்கை நிரப்பவேண்டும். ஆடு சாகலாம், எண்ணிக்கை சாகக்கூடாது. இன்றைய வங்கியில் நிலைவைப்புப் போட்டு வட்டியில் பூசை நடத்தும் அறங்காவலர் குழுக்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. அந்நாளைய வங்கி முள்வேலிக்குள் அசைபோட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவே.

கோவைக்கு அருகிலுள்ள பேரூரில் எழுந்தருளியுள்ள இறைவனுக்குப் பட்டீசுவரர் என்று திருநாமம். காமதேனு அங்கே வழிபட்டதென்றும், அதன் கன்றாகிய பட்டியின் குளம்படி இலிங்கத் திருமேனியில் பதிந்ததென்றும் தலபுராணம் கூறும். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள பட்டீச்சரத்திலும் காமதேனுவின் மகள் பட்டி வழிபட்ட வரலாறு சொல்லப்படுகிறது. திருஞானசம்பந்தர் வெயிலில் வருதல் கண்டு இறைவன் முத்துப்பந்தல் அருளிய தலம் அது. அடைப்பின் பெயர் பசுவின் பெயராகிப் பின் பரம்பொருளின் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. சைவ சித்தாந்தத்தில் உயிருக்குப் பசு என்று பெயர். அதனைக் கட்டிய கயிறு பாசம். உடையவன் பதி. மாடு கட்டியறியாத ஒருவர்க்கு இம்மூன்று சொற்களையும் விளக்குதல் எவ்வளவு கடினம் என்பதைச் சமய வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் அறிவர். பிள்ளைகள் புத்தகத்தில் பார்த்திருக்கின்றனர். மூக்கணாங்கயிற்றைக் கையால் பிடித்ததில்லை.

வடமொழியிலும் இதே நிகழ்வு உண்டு. அருச்சனைச் சீட்டு வாங்கும்போது அருச்சகர் கோத்திரம், நட்சத்திரம் கேட்கிறார் அல்லவா? ‘கோத்ர’ என்பது ஆதியில் பசுக்களைக் காக்கும் அடைப்பையே குறித்தது. ஓர் அடைப்புக்கு உரியோர் ஒரு குலத்தார் எனப் பொருள் விரிந்தது. ‘கோஷ்ட’ என்பதும் பசுக்கள் நிற்கும் இடம். அதிலிருந்து கூட்டத்தைக் குறிக்கும் ‘கோஷ்டி’ பிறந்தது. பசனைக் கோஷ்டியும், சங்கத் தேர்தலில் மோதிக்கொள்ளும் கோஷ்டியும் மாட்டுத் தொழுவத்திலிருந்து புறப்பட்டவை என்று அறியும்போது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம்.

நீலகிரித் தோடர்களின் வாழ்வில் இத்தொடர்பு இன்னும் நேரானது. அவர்களுடைய புனிதமான பால்மனையே கோயில். பால் கறந்து மோர் கடைபவரே பூசகர். அருகிலேயே எருமைகளை அடைக்கும் வட்டச் சுவர். அவ்வடைப்பை அவர்கள் ‘தூ’ என்று வழங்குவதை 1906 இல் தோடரைப் பற்றி நூலெழுதிய ரிவர்ஸ் குறித்திருக்கிறார். தமிழின் ‘தொழு’வோடு ஒப்பிடத்தக்க சொல் அது.

கடாரம் என்று சோழர் அழைத்த இந்தக் கெடா மண்ணுக்கு இப்போது வருவோம். மலாய் மொழியில் கால்நடை அடைப்புக்குரிய சொல் ‘காண்டாங்’. யானை கட்டும் தூணாகிய ‘கந்து’ என்ற தமிழ்ச் சொல்லோடு இதனை இணைத்துப் பேசும் ஆர்வம் எழலாம். அதற்கு ஆதாரம் இல்லை. காண்டாங் மலாய், சாவக மொழிகளின் குடும்பத்துக்கே உரிய சொல். அதற்கென்று ஒரு பெருமையும் இருக்கிறது. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைத் தொடக்கத்தில் எருமைப்பட்டிகள் இருந்த இடத்துக்குக் ‘காண்டாங் கெர்பாவ்’ என்று பெயர். கால்நடை வணிகத்தையொட்டித் தமிழர் பெருமளவில் அங்கே குடியேறினர். அவ்விடத்து மருத்துவமனை 1924 இல் மகப்பேற்று மருத்துவமனையாயிற்று. 1966 ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. ஒரே மருத்துவமனையில் அத்தனை பிறப்பு உலகச் சாதனையாகப் பதிவாயிற்று. எருமைப்பட்டியில் பிறந்தோம் என்று சொல்ல அந்நாட்டில் எவரும் வெட்கப்படுவதில்லை. ஆட்டுப்பட்டிக்குள் நுழைந்தால் ஆடுபோல் கத்து, எருமைப்பட்டிக்குள் நுழைந்தால் எருமைபோல் கனை என்று மலாய்ப் பழமொழியும் உண்டு. ஊரோடு ஒத்து வாழ் என்று தமிழர் சொல்வதை மலாய்க்காரர் பட்டியை வைத்துச் சொல்கின்றனர்.

மலேசியாவின் மாட்டினங்களிலும் இருமரபு உண்டு. இந்நாட்டுக்கே உரிய சிறிய மாட்டினத்துக்குக் ‘கெடா–கிளந்தான்’ என்று பெயர். இந்தியாவிலிருந்து வந்த மக்கள் உடன் கொணர்ந்த மாடுகளின் வழிவந்த கறவையினத்தைக் கால்நடைத் துறையினர் ‘உள்நாட்டு இந்தியக் கறவையினம்’ என்ற பெயரில் தனியே பதிவு செய்துள்ளனர். கப்பலேறி வந்தவர்கள் தம் மொழியையும் தெய்வத்தையும் மட்டும் கொண்டுவரவில்லை.

புக்கிட் செலம்பாவ், சுங்கை லாலாங், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்கள் பலவற்றுக்கு மாடுதான் இரண்டாவது சம்பளம். விடியுமுன் கறவை, பின்னர்ப் பிரட்டுக்களம், பிற்பகலில் புல்லறுப்பு. தோட்டத் தொழிலாளர் காய்கறி பயிரிடவும் கால்நடை மேய்க்கவும் நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்பதை 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பே ஏற்றிருந்தது. லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை என்பது தோட்டத்து நிலப்படத்தில் எழுதப்படாத ஒரு கோடு. ‘லயம்’ என்ற சொல்லைக் குதிரை ‘லாயம்’ என்பதன் திரிபு என்று மனம் நொந்து கூறுவோர் உளர். அது சரியன்று, வரிசை வீடுகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே தமிழ் நாவில் லயமாயிற்று. ஆயினும், அந்தத் தவறான விளக்கத்தில் மெய்யான வருத்தம் ஒன்று இருக்கிறது. மனிதர்க்குக் கொடுத்த பத்தடி அறையும் மாட்டுக்கு அவர்களே கட்டிக்கொண்ட கொட்டகையும் அளவில் அதிகம் வேறுபடாத காலம் இருந்தது.

அந்நிலை பல வகையில் மாறியது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடல் வந்தது. அதனை எதிர்கொள்ள வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் இதே கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதன் பின்னர்த் தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. லயத்தை விட்டுத் தாமானுக்குச் சென்ற குடும்பம் கட்டிலையும் அலமாரியையும் லாரியில் ஏற்றலாம். சாமி படத்தை மடியில் வைத்துக்கொள்ளலாம். நான்கு கறவை மாடுகளை எங்கே ஏற்றுவது? வரிசை வீட்டுப் பின்புறத்தில் மாடு கட்ட உள்ளூராட்சி விதிகள் இடந்தருவதில்லை. அவ்விதிகளில் நியாயம் இல்லை என்றும் கூறிவிட முடியாது. சாணம் வடிகாலில் கலக்கும். இரவில் சாலையில் படுத்த மாட்டின் மீது மோட்டார் சைக்கிள் மோதி உயிர்ச்சேதம் நேர்ந்ததும் உண்டு. இருப்பினும், இடம் மாற்றும் திட்டத்தில் வீட்டுக்கு ஒரு கட்டமும், கோயிலுக்கு ஒரு கட்டமும், பள்ளிக்கு ஒரு கட்டமும் வரைந்தவர்கள் பட்டிக்கு ஒரு கட்டம் வரையவில்லை. விண்ணப்பங்களிலும் அதனைக் கேட்க எவர்க்கும் தோன்றவில்லை. பலர் மாட்டை விற்றனர். விற்ற பணம் முன்பணமாயிற்று.

பொருள் போனால் சொல்லும் போகும். தமிழ்ப்பள்ளி மாணவர் இன்று பட்டிக்குக் காண்டாங் என்றே கூறுகின்றனர். அது குற்றமன்று, காதில் விழுந்த சொல்லைத்தான் பிள்ளை பேசும். பட்டியோடு சேர்ந்து போகும் சொற்கள்தாம் மிகுதி. அடைப்பின் வாயை மூடும் படல், கயிறு கட்ட அடித்த முளை, கன்றைத் தாயோடு பிணைக்கும் தாம்பு, கழுத்தில் தும்பு, வைக்கோல் போடும் காடி, கழுநீர்த் தொட்டி, கட்டுத்தறி. இவற்றுள் எத்தனை சொற்கள் இம்மண்டபத்தில் முதியவர்களுக்குத் தெரியும், எத்தனை இளையவர்களுக்குத் தெரியும் என்று கேட்டால் கைகள் ஒரே பக்கமாக உயரும்.

இலங்கையில் நிலைமை வேறு. அங்கே மாட்டுப் பொங்கலுக்குப் பெயரே பட்டிப் பொங்கல். கொங்கு நாட்டிலும் அப்படி வழங்குவோர் உளர். மட்டக்களப்பில் ‘பட்டி’ இன்றும் அன்றாடச் சொல். நூற்றுக்கணக்கான மாடுகளைக் காட்டோரப் பட்டிகளில் வைத்துப் பால் எடுக்கும் பண்ணையாளர் அங்கே வாழ்கின்றனர். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் நிலங்களைக் காப்பதற்காக அவர்கள் 2023 இல் சாலையோரத்தில் பந்தலிட்டுத் தொடர் போராட்டம் நடத்தினர். மேய்ச்சல் நிலம் போனால் பட்டி போகும் என்பதை எந்த அகராதியையும் பார்க்காமலே அறிந்தவர்கள் அவர்கள்.

இன்று மாலை இவ்வாலயத்தில் பால்குடம் எடுக்கப்படுகிறது. குடங்களுள் பெரும்பாலானவற்றில் இருப்பது கடையில் வாங்கிய பெட்டிப் பால். அதனை அம்பாள் ஏற்கமாட்டாள் என்று யாரும் எண்ண வேண்டா. சில குடங்களில் மட்டும் ஆற்றோரத்துப் பட்டிகளில் கறந்த பால் வரும். அப்பட்டிகளை வைத்திருப்போர் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். பின்மாலை வெயிலில் படலைத் திறந்து, கன்றை அவிழ்த்துவிட்டு, மடி சுரந்ததும் கன்றைத் தாம்பில் கட்டிக் கறந்து, நுரை அடங்குமுன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து மடப்பள்ளித் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அபிடேகம் காண நிற்பதில்லை. மாடு அடையும் நேரம் அது.